கால்மணியும் முப்பத்தொன்றாம் பொடியும்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் என் அக்கா கணவருக்குக் கால்மணி என்று பெயர். எதிரே நிற்கும்போது எல்லோரும் ‘அண்ணா’ என்று குழைவார்கள். முதுகைத் திருப்பினால் ‘கால்மணி எங்கே?’தான். கோபம் வந்துவிட்டால் என் அக்காவும் அப்படித்தான் கூப்பிடுவாள். நான் மட்டும் மாமா என்பேன். அது மரியாதையால் இல்லை, சின்ன வயதிலிருந்து பழகிப்போன வாய், அவ்வளவுதான்.

பெயர் வந்த கதை இதுதான். அவர் ஓட்டுகிற இயந்திரம் பதினைந்து நிமிடம் ஓட வேண்டும், அதிலுள்ள ஜாடி ஆறப் பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும். தானே நின்று தானே ஓடும் வசதி அதில் இருந்தது, முதல் வருடமே கெட்டுப்போனது. சரிசெய்ய வந்த ஆளை மாமா வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். “எனக்குக் கை இருக்கு, சுவத்துல கடிகாரம் இருக்கு. அப்புறம் இது எதுக்கு?” என்றாராம். பதினெட்டு வருடமாகக் கையால் போட்டுக் கையால் நிறுத்துகிறார். ஆளும் அப்படியே ஆகிவிட்டார். கால் மணி நேரம் தோட்டத்தில் களை பிடுங்குவார், கால் மணி நேரம் நாற்காலி. அக்காவோடு சண்டை போட்டாலும் அதே கதைதான். வாய்க்கு வாய் பேசிக்கொண்டிருப்பவர் சட்டென்று எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார். அக்கா தையல் இயந்திரத்தை விட்டு எழாமலே, “என்ன, ஜாடி ஆறுதா? ஆறட்டும் ஆறட்டும், நானும் அதுக்குள்ள நூல் கோத்துக்கிறேன்” என்பாள். அதற்குமேல் சண்டை எங்கே நடக்கும்? இரண்டு பேரும் சிரித்துத் தொலைப்பார்கள்.

அந்த அறையின் கதவில் ‘பால் மில்’ என்று எழுதியிருக்கும். புதிதாக வந்த தபால்காரர் ஒருவர், காலையில் எத்தனை மணிக்குப் பால் கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு வாரம் சிரித்தோம். உண்மையில் அது ஆங்கில ‘பால்’, அதாவது குண்டு; குண்டு உருட்டும் ஆலை. உள்ளங்கையில் அடங்கும் எஃகு ஜாடி, அதற்குள் கோலி அளவில் எஃகுக் குண்டுகள், கூடப் பத்து கிராம் பொடி. பொடியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மக்னீசியம், மீதி நிக்கல். மூடியை இறுக்கிச் சுழலவிட்டால் குண்டுகள் பொடியை அடித்து, நசுக்கி, ஒட்டவைத்து, திரும்ப உடைத்து, இருபது மணி நேரத்தில் இரண்டு உலோகத்தையும் ஒன்றாக்கிவிடும். அந்தக் கலவைப் பொடி ஹைட்ரஜன் வாயுவைக் குடித்து உள்ளே வைத்துக்கொள்ளும், பிறகு சூடாக்கினால் திருப்பிக் கொடுக்கும். வாயுவைக் கனமான உருளையில் அடைத்துத் தூக்கிக்கொண்டு அலையாமல் இப்படிப் பொடிக்குள் பத்திரமாக வைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கூடத்தின் பிழைப்பு.

மக்னீசியத்துக்குக் கெட்ட குணம் இரண்டு உண்டு. பொடியாக இருக்கும்போது காற்றுப் பட்டால் கெட்டுப்போகும், சமயத்தில் தீயும் பிடிக்கும். அதனால் ஜாடியை நிரப்புவதும் திறப்பதும் வேறு வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள்தான், அதில் பொருத்திய ரப்பர் கையுறைக்குள் கையை விட்டுக்கொண்டு. இன்னொன்று, சூடேறினால் இளகிப்போய் ஜாடிச் சுவரில் அப்பிக்கொள்ளும். அப்புறம் உளியால் சுரண்ட வேண்டும். அதற்குத்தான் அந்தக் கால் மணி ஓய்வு. ஒரு நாளைக்கு நாலு மணி நேர ஓட்டம், ஐந்து நாளில் இருபது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பதிவேட்டில் ஒரு கட்டம், ஒரு டிக்.

அவர் அரைத்ததை அளப்பவள் நான். பொடியைச் சிறு அறையில் போட்டு, முந்நூறு டிகிரிக்குச் சூடாக்கி, ஹைட்ரஜனைத் திறந்துவிட்டு, அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பேன். இறங்கினால் பொடி குடிக்கிறது என்று அர்த்தம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதும், என் கருவியைக் குறை சொன்னவர்கள் அடுத்த மாதம்வரை என் அறைப் பக்கம் வரமாட்டார்கள் என்பதும் கூடம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

இந்த முப்பத்தொன்றாம் பொடி வந்து எல்லாவற்றையும் கெடுத்தது.

எங்கள் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. மூன்று வருடமாக இந்தப் பொடியோடு மாரடிக்கிறாள். அவளுக்காக மாமா அரைத்த பொடிகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண். எல்லாப் பொடியும் வயிறு நிறைய அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். முப்பத்தொன்றாம் நம்பர் நாலே நிமிடத்தில் குடித்துத் தீர்த்தது. நான் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று முறை அளந்தேன். நாலு நிமிடம், நாலு நிமிடம், நாலு நிமிடம். அந்தப் பெண் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சத்தமாகப் பேசினாள். “அக்கா! அய்யோ அக்கா!” என்று. ஆய்வேட்டில் பாதியை அந்த ஒரு பொடியை நம்பியே எழுதி அனுப்பினாள்.

அதற்குப் பிறகு அந்தப் பொடி திரும்ப வரவே இல்லை. அதே அளவு, அதே ஜாடி, அதே மாமா. முப்பத்திரண்டிலிருந்து நாற்பத்தொன்றுவரை பத்துப் பொடி, எல்லாம் பழைய அரை மணி நேரம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கடிதம் எழுதிவிட்டார்: குறித்த தேதிக்குள் இன்னொரு முறை செய்து காட்டினால் சரி, இல்லையென்றால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும். எடுத்தால் மூன்று வருடத்தில் மிஞ்சுவது முன்னுரையும் நன்றியுரையும்தான். கூடத்தின் தலைவி, நாங்கள் மேடம் என்போம், என் அறைக்கே வந்து, “அளந்ததுல ஏதாவது...” என்று இழுத்தார்.

“என் கருவி பொய் சொல்லாது மேடம்” என்றேன். சொன்ன விதத்தில் அவர் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

தேதிக்குப் பதினேழு நாள் இருந்தது. கோபத்தோடு கோபமாகப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். என் பக்கம் தப்பில்லை, மாமா பக்கமும் தப்பில்லை என்று ஆதாரத்தோடு முகத்தில் வீசலாம் என்பதுதான் எண்ணம். முப்பத்தொன்றின் ஐந்தாம் நாள். இரண்டு மணி, டிக். இரண்டரை, டிக். மூன்று, டிக். மூன்றரை, டிக். நாலு, டிக். மாமாவின் அச்சு மாதிரி கையெழுத்து. தேதியைப் பார்த்தேன். விரல் வைத்து இன்னொரு முறை பார்த்தேன்.

அன்றைக்குத்தான் அக்கா மகளுக்கு நீச்சல் போட்டி. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே இருந்தேன். போட்டியை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள் என்றதும் நான்தான் மாமாவுக்குப் போன் செய்து கத்தினேன். இரண்டே கால் மணிக்கெல்லாம் மூச்சிரைக்க ஓடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரா? நின்றுகொண்டு, கால் மணிக் கணக்கையெல்லாம் மறந்து, தொண்டை கிழியக் கத்தினார். நாலே காலுக்குத்தான் அங்கிருந்து கிளம்பினார். அப்படியென்றால் இந்த டிக் எல்லாம் யார் போட்டது?

நேரே பால் மில் அறைக்குப் போனேன். இயந்திரம் ஓய்வில் இருந்தது, மாமாவும்.

“மாமா, இந்தத் தேதி ரெண்டு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

பார்த்தார். காது நுனி சிவந்தது. “டிக் எல்லாம் நான் காலையிலேயே போட்டுடுவேன்மா. தினமும் அதே நேரம்தானே. ரெண்டு மணியிலேர்ந்து விட்டுப்போன அஞ்சு ஓட்டத்தையும் அன்னைக்கு சாயங்காலமே உக்காந்து ஓட்டிட்டேன். மணிக்கணக்கு சரியா இருக்கும்.”

“காலையிலேயேவா? தினமுமா?”

“பதினெட்டு வருஷமா.”

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பதிவேட்டாலேயே ஒன்று போட்டிருப்பேன், அக்கா புருஷன் என்பதால் விட்டேன். “சரி, போன் வந்ததும் மெஷினை நிறுத்திட்டுத்தானே வந்தீங்க?”

“நிறுத்தினேன்.” கொஞ்ச நேரம் தன் வலது கையையே பார்த்தார். “நிறுத்தியிருப்பேன். திரும்பி வந்தப்ப நின்னுக்கிட்டுதான் இருந்தது. ஆனா...” என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “சிவப்பு விளக்கு எரிஞ்சுது. பல்புதான் கோளாறுன்னு நெனச்சு பட்டனை அமுக்கிட்டு ஓட்டினேன்.”

சிவப்பு விளக்கு எரிந்தால் மோட்டார் அளவுக்கு மீறிச் சூடேறி, காவலுக்கு இருக்கும் ரிலே அதைத் தானாகவே நிறுத்திவிட்டது என்று அர்த்தம். அப்படியென்றால் இவர் நிறுத்தவே இல்லை. அங்கே மகள் நீந்திக்கொண்டிருக்க, இங்கே முப்பத்தொன்றாம் நம்பர் ஓய்வே இல்லாமல் கொதிக்கக் கொதிக்க ஓடியிருக்கிறது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. கடைசி நாளில் ஓய்வில்லாமல் ஓட்டிப் பார்க்கலாமே என்று புது யோசனை மாதிரி சொல்லிவிட்டுப் போகலாம். அதைத்தான் மாமாவிடம் சொன்னேன், வெட்கம் என்ன வெட்கம். “உங்க பேரும் கெடாது, அந்தப் பொண்ணும் பொழச்சுக்கும்.”

“அப்ப நோட்டுல பொய் அப்படியே இருக்குமே” என்றார். பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடம் அறைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஒன்றையும் மறைக்கவில்லை. போட்டி, சிவப்பு விளக்கு, காலையில் போடும் டிக், பதினெட்டு வருடம், எல்லாவற்றையும் நின்றபடி சொல்லி முடித்தார். மேடத்துக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. “சூட்டுல ரெண்டும் முழுசா கலந்திருக்கு! முதல் நாளே இப்படி ஆகியிருந்தா சுவத்துல அப்பியிருக்கும். கடைசி நாள்ல தனி மக்னீசியம் அதிகம் மிச்சமில்ல, அதனால தப்பிச்சுது.” மாணவி கையைக் கோத்துக்கொண்டு நின்றாள். பிறகு மேடம் கேட்டார், “எவ்வளவு நேரம் ஓடிச்சு?”

யாருக்குத் தெரியும்? ரெண்டு மணியிலிருந்து நாலரைக்குள் எப்போது வேண்டுமானாலும் நின்றிருக்கலாம். கொஞ்சம் குறைந்தால் கலக்காது, கொஞ்சம் கூடினால் அப்பிக்கொள்ளும். ஒரு முறை செய்து பார்க்க ஒரு வாரம். இருப்பதோ இரண்டு வாரமும் சில்லறையும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, திரும்பவும் தானாக நிற்கும்வரை ஓட்டினால் என்ன என்று கேட்டோம்.

“அந்த ரிலேயைத்தான் போன மாசம் மாத்திட்டேனே. புதுசு வேற மாதிரி நிக்கும்” என்றார் தலையைச் சொறிந்துகொண்டு. அப்புறம், “ஆனா பின்பக்கம் மணி மீட்டர் ஒண்ணு இருக்கு, பாத்திருக்கீங்களா? மோட்டார் சுத்தின நேரம் அத்தனையும் அதுல ஏறும். மெஷின் வந்த நாளிலேர்ந்து” என்றார்.

எல்லோரும் பதிவேட்டைப் பார்த்தோம். மீட்டரில் இருக்கும் மொத்த நேரத்திலிருந்து மாமாவின் பதினெட்டு வருட எழுத்தைக் கழித்தால், எழுதாமல் ஓடிய நேரம் எவ்வளவோ அது மிஞ்சும். எழுத்தெல்லாம் உண்மையாக இருந்தால்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “பதினேழாயிரம் மணி நேரம். அதுவும் காலையிலேயே எழுதி வெச்ச நோட்டு. அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம் விட்டிருந்தாலே ரெண்டு மணி நேரம் அதுல காணாமப் போயிடும். தப்பா நெனக்காதீங்க. கூட்டிப் பாத்து கணக்கு எங்கயோ போச்சுன்னா, அந்த மெஷின்ல செஞ்ச எதையும் நான் வெளியில காட்ட முடியாது. உங்களையும் அதுல விட முடியாது.”

“கூட்டுங்க மேடம்” என்றார் மாமா.

பதினெட்டுப் பதிவேடுகள். மாணவி ஒன்பது, நான் ஒன்பது. ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. எலக்ட்ரீஷியன் பரிசோதனைக்கு ஓட்டியதைக்கூட ‘ஏழு நிமிடம், எலக்ட்ரீஷியன் கைவரிசை’ என்று எழுதி வைத்திருக்கிறார். தன் கல்யாண நாளன்று ‘அரை நாள் மட்டும், மனைவி கோபம்’. மாமா அடுத்த அறையில் குண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த குண்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் கூட்டி முடித்தோம். மீட்டரைவிடப் பதிவேடு பதினெட்டு மணி பன்னிரண்டு நிமிடம் அதிகம். ஓடாததை ஓடியதாக எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். மாணவி பென்சிலைக் கீழே வைத்தாள். மேடம் எண்ணைப் பார்த்துவிட்டுப் பதிவேடுகளை ஒவ்வொன்றாக மூடி அடுக்கத் தொடங்கினார். மாமா, “அப்படி இருக்காதே” என்று ஒரே ஒரு முறை சொன்னார். ரொம்ப மெதுவாக. கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பின்னாலேயே போன என்னிடம் அக்கா, “என்னடி பண்ணினீங்க அவரை? வந்ததுலேர்ந்து சண்டைக்குக்கூட வரமாட்டேங்கிறார்” என்று பாய்ந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிதரை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன்னால் போய், என் ஒன்பது பதிவேட்டையும் முதலிலிருந்து பார்த்தேன். ஏழாவதில் ஒரு பக்கம். சாப்பிடப் போவதற்கு முன் கூட்டிவிட்டுப் போயிருக்கிறேன், வந்து உட்கார்ந்து அதையே திரும்பக் கூட்டியிருக்கிறேன். ஒரு வாரம், இருபது மணி நேரம். ஊரில் இருப்பவர் தப்பையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிற நான்! இருபதைக் கழித்தேன். இப்போது மீட்டர்தான் அதிகம். ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடம்.

மேடம் தானே ஒரு முறை கூட்டினார். மாணவி என்னுடையதையும் சேர்த்து ஒரு முறை கூட்டினாள். ஒரு மணி நாற்பத்தெட்டு.

“இது அந்த ஒரு நாளா, இல்ல பதினெட்டு வருஷத்துல சிந்தினதெல்லாம் சேர்ந்து வந்த எண்ணான்னு எப்படித் தெரியும்?” என்றார் மேடம். விடமாட்டார்.

“செஞ்சு பாத்தா தெரிஞ்சிடும்” என்றாள் மாணவி. எல்லோருக்கும் கேட்கும்படி.

மேடம் சம்மதித்தார், ஆனால் ஓட்டுவது மாணவிதான், மாமா தொடக்கூடாது என்றார். நியாயம்தான், ஆனாலும் எனக்கு எரிந்தது. ஐந்து நாள் அந்தப் பெண் கடிகாரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு டிக்கும் ஓட்டம் முடிந்த பிறகு. மாமா வாசற்படிக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டு, உள்ளே வராமல், “ஜாடியைப் புறங்கையால தொட்டுப் பாரும்மா... ஆங், அவ்வளவுதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் இரண்டு மணிக்குப் போட்டு ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடத்தில் நிறுத்தினாள். ஆறவிட்டு, அன்றைக்கு மாமா செய்தபடியே மிச்ச ஓட்டத்தையும் முடித்தாள். மறுநாள் கண்ணாடிப் பெட்டிக்குள் மூடியைத் திறந்தபோது மூன்று தலைகள் அந்தக் கண்ணாடியில் முட்டின. பொடி சுவரில் ஒட்டவில்லை. கருகருவென்று உதிர்ந்தது.

அளக்க வேண்டியது நான். திருகைத் திறப்பதற்கு முன் இணைப்புகளை இரண்டு தடவை சரிபார்த்தேன். முந்நூறு டிகிரி. ஹைட்ரஜனை விட்டேன். ஒரு நிமிடம், அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கியது. இரண்டு. மூன்று. நாலாவது நிமிடத்தில் முள் நின்றது. மாணவி என் தோளைப் பிடித்த பிடியில் மறுநாளும் வலித்தது. “குடிச்சிடுச்சு அக்கா, குடிச்சிடுச்சு!” மேடம் வெளியே போய், வாசற்படி நாற்காலிக்கு எதிரே நின்று, “உள்ள வாங்க. உங்க மெஷினை நீங்க பாத்துக்குங்க” என்றார். கூடவே, “இனிமே டிக் மட்டும் ஓட்டினதுக்கு அப்புறம்” என்று அதட்டினார். மாமா தலையாட்டினார். முப்பத்தொன்றின் பக்கத்தைத் திறந்து, அந்த ஐந்து டிக்கையும் சிவப்பு மையால் ஒற்றைக் கோடாக அடித்து, நடந்ததைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டார்.

ஆய்வேடு அச்சாகி வந்ததும் மாணவி ஒரு பிரதியை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். அறுபத்திரண்டாம் பக்கத்தில் காகிதம் வைத்து அடையாளம் செய்திருந்தாள். அக்கா தையலை நிறுத்தி, “சத்தமா படி” என்று என்னிடம் நீட்டினாள்.

படித்தேன். “இறுதிக் கட்டத்தில் இடைவிடாது ஓட்டிய நேரம் ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடம். இந்த அளவு, இயந்திரத்தை இயக்கியவர் பதினெட்டு ஆண்டுகள் எழுதிய பதிவேடுகளின் துல்லியத்தை நம்பிப் பெறப்பட்டது.”

மாமா செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார், தலைகீழாக. மகள், “நான் நீந்தினது இதுல வரலையா?” என்று கேட்டாள். அக்கா அவளை அதட்டி உட்காரவைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ரெண்டாவது வரியை மட்டும் இன்னொரு தடவை படிடி” என்றாள்.